மூவரா, நூற்றறுவரா? – முதியோர் மறதிநோய்க் கணக்கும் நம் மொழியும்

தமிழகத்தில் முதியோர் பெருகி வருகின்றனர் என்பது புள்ளியியலார் கூறித்தான் நாம் அறியவேண்டிய செய்தியன்று. எனினும் எண்களையும் ஒருமுறை நோக்குவோம். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்களுள் 10.4 விழுக்காட்டினர் அறுபது அகவை கடந்தவர்கள். 2021ஆம் ஆண்டிற்கென நடுவண் அரசு வெளியிட்ட கணிப்பில் இது 13.6 விழுக்காடு. கேரளத்திற்கு (16.5) அடுத்த இடம் நமக்குரியது. இம்முதியோருள் எத்தனை பேர், நினைவும் அறிவும் படிப்படியாகத் தேயும் மறதிநோய்க்கு ஆளாகியுள்ளனர்? ஆடவர்–பெண்டிர், நகரத்தார்–சிற்றூரார், கற்றார்–கல்லார் ஆகிய பிரிவினருள் யாரிடம் இது மிகுதி?

எளிய வினாக்களாகவே இவை தோன்றும். ஆனால் விடை காணப் புகுந்தோர்க்கு ஒரே வட்டாரத்தில், ஒரே முதியோரிடத்தில், இருவேறு விடைகள் கிடைத்தன. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேற்றுமை முப்பது மடங்கிற்கும் மேல். அவ்வட்டாரம் நமக்கு அண்டை வட்டாரம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தமிழ்த்துறை மலரில் மருத்துவப் பொருளுக்கு இடம் ஏன் என்று வினவுவார்க்குரிய விடை கட்டுரையின் போக்கிலேயே புலனாகும் என நம்புகிறோம்.

சொல்லும் பொருளும்

ஆங்கில மருத்துவம் 'டிமென்சியா' எனக் குறிப்பதனை நாம் மறதிநோய், முதுமை மறதி, மனத்தேய்வு எனப் பலவாறு எழுதுகிறோம். இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. பழைய அகராதிகளில் 'அறளை பெயர்தல்' என்றொரு தொடர் உண்டு. முதுமையில் அறிவு தடுமாறுதல் என்பது அதன் பொருள். ஈழத்துத் தமிழரிடம் அது இன்றும் பேச்சில் வாழ்கிறது. நம் பகுதியிலோ கேட்பது அரிது. இங்கு 'வயசாயிட்டா அப்படித்தான்' என்ற ஒரே தொடர் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. 'கொழந்த மாதிரி ஆயிட்டாரு' என்பாரும் உளர். கேரளத்தில் ஆய்வாளர்கள் குறித்துவைத்துள்ள 'சின்னன்' என்ற சொல்லும் குழந்தைத்தன்மையையே சுட்டுவது. உருது, இந்தி வழக்கிலுள்ள 'சடியானா' என்னும் வினைச்சொல் இன்னும் சுவையானது. அறுபதைக் குறிக்கும் 'சாட்' என்ற எண்ணுப்பெயரினின்று பிறந்தது அது. அறுபது ஆயிற்று என்பதையே அறிவு தடுமாறிற்று என்று கொண்டுவிடும் சொல் அது! இச்சொற்கள் யாவும் நோயைக் காணவில்லை, அகவையையே காண்கின்றன. இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் எண்களின் மறை இதில்தான் அடங்கியுள்ளது.

மறதிநோய் என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் பொதுத்தோற்றம். செருமானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் விளக்கியுரைத்த நோய் அவற்றுள் முதன்மையானது. நூற்றுக்கு அறுபது முதல் எழுபது வரையிலான நோயாளரிடம் அதன் பங்கு உண்டு என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். மூளையின் குருதிக்குழாய்கள் அடைபடுவதால் வருவது பிறிதொரு வகை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு. 'மறதி' என்னும் சொல்லும் முழுமையானதன்று என்பது எம் கருத்து. சிலரிடம் முதலில் தோன்றுவது மறதியன்று, ஐயமே. 'என் பணத்தை மருமகள் எடுத்து ஒளித்துவிட்டாள்' என்று மாமியார் குற்றஞ்சாட்டுவார். வைத்த இடம் அவர்க்கே நினைவிலில்லை. எடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என மனம் முடிவுசெய்கிறது. வீட்டில் பூசல் மூளும். அது நோயின் குறி என்று சொல்வார் இல்லாமையால், இரு பெண்களும் ஆண்டுக்கணக்கில் துன்புறுவர். பிறர் சிலரிடம் பழகிய தெருவே புதியதாகிவிடுதல், கைக்கணக்குத் தவறுதல், சொல் கிடைக்காமல் 'அது, அது' எனத் தடுமாறுதல் ஆகியன முதலில் தோன்றும்.

குடும்பத்தாரை ஏமாற்றும் குறியொன்றையும் ஈண்டுச் சுட்டல் தகும். தொழுகையில் ஓதவேண்டியவை பெரியவர் ஒருவரின் நாவில் பிழையின்றி வரும். எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறோம் என்பது தவறிவிடும். மற்றொரு முதியவர் தேவாரப் பதிகத்தை முழுதும் பாடுவார்; தாம் காலையில் உண்டோமா என்பதை அறியார். இளமையில் பன்னூறு முறை உருவேற்றியவை ஆழப் பதிந்து நெடுநாள் நிற்கின்றன. இன்று காலை நடந்ததோ பதிவதே இல்லை. 'பழசெல்லாம் நன்றாக நினைவிருக்கிறதே, இவருக்கு என்ன நோய்?' என வீட்டார் அமைதியடைந்துவிடுகின்றனர்.

கணியம்பாடி தந்த இரண்டு எண்கள்

திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியே வேலூர் செல்லும் பேருந்தில் ஏறியோர் கணியம்பாடியைக் கடந்தே செல்வர். 1989இல் மாவட்டம் பிரியும்வரை அவ்வூரும் நம்மூரும் ஒரே வடாற்காடு மாவட்டத்தினவே. பேச்சு, உணவு, உழவு, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் நம் சிற்றூர்களுக்கும் அவ்வட்டாரத்துச் சிற்றூர்களுக்கும் பெரும் வேறுபாடு இல்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக மக்கள் நலப்பணி ஆற்றிவரும் வட்டாரம் அது. அங்குத்தான், மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் முதலானோர் அறுபத்தைந்து அகவைக்கு மேற்பட்ட ஏறத்தாழ ஆயிரம் முதியோரை ஆய்ந்தனர்.

இவ்வாய்வு உலகளாவிய முயற்சி ஒன்றின் பகுதி. மறதிநோயாளருள் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆனால் ஆய்வில் பத்து விழுக்காட்டிற்கும் குறைவாகவே அவர்களைப் பற்றியது. இக்குறையைப் பெயரிலேயே ஏந்தி, 'பத்து–அறுபத்தாறு' ஆய்வுக்குழு என்ற அமைப்பு 1998இல் கொச்சியில் தோன்றியது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, பெரு, மெக்சிகோ, சீனம், இந்தியா ஆகிய ஏழு நாடுகளில் பதினோரிடங்களில் 14,960 முதியோரை அக்குழு ஆய்ந்தது. இந்தியாவில் நகர்க்களம் சென்னை. சிற்றூர்க்களம் வேலூர்ப் பகுதி. முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நான்காம் பதிப்பு வரையறையைக் கொண்டு எண்ணியபோது, இந்தியச் சிற்றூர்க்களத்தில் மறதிநோய் 0.3 விழுக்காடு. பதினோரிடங்களிலும் மிகக் குறைந்த அளவு இதுவே. அதே களத்தை அக்குழு தானே வகுத்த முறையால் எண்ணியபோது 10.6 விழுக்காடு. சென்னையில் இரண்டாம் முறையால் கிடைத்தது 7.5. ஆயிரம் முதியோர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கணக்கில் மூவர். மறு கணக்கில் நூற்றறுவர். அந்த நூற்றுமூவர் யார்? அவர்கள் நோயாளரா, அல்லரா?

இந்திய ஆய்வுகளின் முடிவுகள் இவ்வாறு சிதறிக் கிடப்பது புதிதன்று. எஸ். ராஜ்குமார், ஆர். தாரா முதலியோர் செங்கற்பட்டுப் பகுதியின் திருப்போரூரில் ஆய்ந்து 1997இல் வெளியிட்ட அளவு, அறுபது கடந்தோரில் 3.5 விழுக்காடு. அரியானாவின் பல்லப்கட்டில் இந்திய–அமெரிக்கக் கூட்டாய்வு 1998இல் வெளியிட்டது, அறுபத்தைந்து கடந்தோரில் 1.36 விழுக்காடு. இத்தகைய குறைந்த எண்களைக் கண்ட வெளிநாட்டார் சிலர், இந்தியர் உண்ணும் மஞ்சளே மூளையைக் காக்கிறது என்று எழுதலாயினர். நம்மவரும் மகிழ்ந்தோம். மஞ்சளை நாம் பழிக்கவில்லை. குழம்பிற்கு அது வேண்டும். ஆனால் ஒரே மஞ்சளை உண்ட கணியம்பாடி முதியோரிடம் மூவரும் நூற்றறுவரும் தோன்றியதற்கு மஞ்சள் விடை கூறாது.

வேற்றுமை எங்கே பிறந்தது?

அமெரிக்க வரையறை இரண்டு கேட்கும். நினைவாற்றல் முதலியன குன்றியிருத்தல் வேண்டும். அதனால் அன்றாட, சமூகச் செயல்கள் கெட்டிருத்தலும் வேண்டும். இரண்டாவதைச் சொல்ல வேண்டியவர் வீட்டார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

திருவண்ணாமலை நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வங்கிக்குச் செல்கிறார், ஓய்வூதியக் கணக்குப் பார்க்கிறார், நாளிதழ் படிக்கிறார், மின் கட்டணம் கட்டுகிறார். இவற்றுள் ஒன்று பிறழ்ந்தால் ஒரே மாதத்தில் வீட்டார் அறிவர். கலசபாக்கத்தை அடுத்த சிற்றூரில் எழுபத்தைந்து அகவைப் பாட்டி ஒருவரை எண்ணுவோம். அடுக்களை மருமகளிடம் சென்று ஆண்டு பல ஆயின. உணவு தட்டில் வருகிறது. சந்தைக்குப் போகவேண்டியதில்லை. எங்குச் சென்றாலும் பேரப்பிள்ளை உடன் வருகிறான். அவர் அறிவு பாதி தேய்ந்தாலும் கெடுவதற்குரிய செயலென்று அவர் கையில் ஒன்றும் விடப்படவில்லை. 'பாட்டிக்கு ஏதேனும் தொல்லை உண்டா?' என்று வினவின், 'ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்காங்க, வயசாயிடுச்சில்ல' என்பதே விடை. மருமகள் பொய் கூறவில்லை. முதியவரிடம் எதிர்பார்ப்பு இல்லாதவிடத்துக் குறையும் தென்படுவதில்லை. மேலே கண்ட சொற்களின் வேலையே இது. அகவையையும் நோயையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழியில் நின்று விடை சொல்பவர் வேறு எங்ஙனம் சொல்வார்?

பத்து–அறுபத்தாறு குழுவினர் முதியவரையும் ஆய்ந்தனர், வீட்டாரையும் தனியே வினவினர், இரண்டையும் சேர்த்து எடைபோட்டனர். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல இயலும், பத்துச் சொற்களைக் கேட்டுச் சற்றுப் பொறுத்து எத்தனையைத் திருப்பிச் சொல்ல இயலும் என்பன அவர்தம் தேர்வுகளுட் சில. எழுத்தறிவு வேண்டாதவை இவை.

இம்முறைக்கு மறுப்பும் உண்டு. கல்லாத ஒருவர் தேர்வில் தடுமாறுவதை நோயெனக் கொள்ளலாமா? உற்றார் குறையொன்றும் காணாதவரை நோயாளி என்று முத்திரையிடுதல் முறையா? இவ்வையங்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. இதற்கு விடை காணச் சென்னைக் களத்து முதியோரை மூன்றாண்டு கழித்து மீண்டும் கண்டனர். முடிவு 2010இல் வெளிவந்தது. குழுவின் முறையால் நோயாளர் எனக் குறிக்கப்பட்டோருள் இறந்தோர் ஏனையோரினும் மிகப் பலர். உயிரோடிருந்தோருள் பெரும்பாலோர்க்கு அறிவும் செயல்திறனும் மேலும் குன்றியிருந்தன. கல்லாமை மட்டுமே காரணமாயின் மூன்றாண்டில் இங்ஙனம் நேர்ந்திராது. ஆகவே அந்த நூற்றுமூவருள் பெரும்பாலோர் நோயாளரே எனக் கொள்வது தவறாகாது என்பது எம் துணிபு.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. பள்ளித் தேர்வைப் போன்ற வினாக்களைக் கேட்டால் நலமுள்ளவரும் நோயாளர் ஆகிவிடுவர். 'இன்று என்ன தேதி?', 'நூற்றிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுக', 'ஒரு வாக்கியம் எழுதுக' என்பன மேலைநாட்டுத் தேர்வின் வினாக்கள். சீட்டுப்பணம் முழுவதையும் மனக்கணக்காகவே நடத்தி முடித்த அம்மையார் இவற்றில் தோற்றுப்போவார். பல்லப்கட்டு ஆய்வாளர் இதனையுணர்ந்து தேர்வை இந்தியில் புதிதாகவே அமைத்தனர். 'கண்ணை மூடுக' என்று எழுதிய அட்டையைக் காட்டிப் படித்துச் செய்யச் சொல்வது மூலத்தேர்வு. அவர்களோ 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்' எனக் கூறித் தம் கண்களை மூடிக் காட்டினர். நம் ஊருக்கென அத்தகைய வினாக்களை அமைப்பது கடினமன்று. 'ஆடி பிறந்து எத்தனை நாளாயிற்று?', 'நோன்பு எந்தப் பிறையில் தொடங்கும்?' எனலாம். 'பௌர்ணமி போய் எத்தனை நாள்?' என்பது இந்நகரில் எச்சமயத்தார்க்கும் ஏற்கும். மலைசுற்ற வரும் கூட்டத்தால் கடைத்தெரு முழுதும் அந்நாளை அறியும் அன்றோ!

குளத்து நீர்மட்டம்

எண்ணிக்கை குறைவாகத் தோன்றுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இதனை மாணவர் தெளிவாக உணர்தல் நலம். ஒரு குளத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பது வரத்தை மட்டும் பொறுத்ததன்று, போக்கையும் பொறுத்தது. வரத்து மிகுந்தும் மதகு திறந்தே கிடந்தால் நீர் நில்லாது. ஒரு நாளில் ஓரூரில் எத்தனை நோயாளர் உளர் என்பது நீர்மட்டம். ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோர் வரத்து. நோயுற்றபின் இறப்போர் போக்கு. கவனிப்பும் மருத்துவமும் மிக்க நாட்டில் நோயாளர் பத்தாண்டு வாழலாம். நீர்ச்சத்துக் குறைவு, படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி ஆகியவற்றைக் கவனியாத வீட்டில் அவர் விரைவில் மறைவார். அங்கு எண்ணிக்கை தாழ்ந்திருக்கும். அத்தாழ்வைக் கண்டு பெருமை கொள்ளலாகாது.

எப்பிரிவினரிடம் மிகுதி?

அண்மைக் காலத்தில் இந்தியா முழுமைக்கும் ஒரே முறையில் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வின் கிளையாக அமைந்த மறதிநோய் ஆய்வு அது. முதியவரைத் தேர்ந்து, உற்றாரை வினவி, அக்குறிப்புகளை மருத்துவர் பலர் தனித்தனியே மதிப்பிட்டு முடிவு செய்தனர். 2023இல் வெளிவந்த அதன் முடிவின்படி, இந்தியாவில் அறுபது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயர். பெண்டிருள் 9.0, ஆடவருள் 5.8. சிற்றூரில் 8.4, நகரில் 5.3. அகவை ஏறவும் கல்வி குறையவும் அளவு ஏறுகிறது. கணியம்பாடியில் எடுத்த கணக்கு அறுபத்தைந்து கடந்தோரைப் பற்றியது. இஃது அறுபது கடந்தோரைப் பற்றியது. அதனையும் கருதினால் மெய்ந்நிலை நூற்றறுவர் பக்கமே நிற்கிறது, மூவர் பக்கமன்று.

நம் மாவட்டத்திற்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள் ஏறத்தாழ 24.65 இலட்சம். மாநில விழுக்காட்டையே கொண்டால் முதியோர் இரண்டரை இலட்சம். அவருள் 7.4 விழுக்காடு எனின் ஏறத்தாழ 19 ஆயிரம் பேர். இது நாமே போட்ட தோராயக் கணக்கு. ஆயினும் தாழ்த்திப் போட்டதே. முதியோர் தொகை அன்றினும் இன்று மிகுந்துள்ளது. மாவட்ட மக்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் சிற்றூரார். சிற்றூரிலோ விழுக்காடு உயர்வு.

பெண்டிர்க்கு ஏன் மிகுதி? நெடுநாள் வாழ்வது ஒரு காரணம். அதனினும் பெரிது, அவர்க்குப் பள்ளி மறுக்கப்பட்டமை. இன்று எண்பதைத் தொடும் மூதாட்டி பள்ளி செல்லும் அகவையில் இருந்தது 1950களில். அண்ணன் பள்ளிக்குப் போனான். தங்கை தம்பியை இடுப்பில் சுமந்தாள், அல்லது கடலைக்காட்டில் களை பறித்தாள். இளமைக் கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பை அளிக்கிறது என்பது அறிவியலார் கருத்து. பின்னாளில் நோய் மூளையை அரித்தாலும், சேமிப்புள்ளவர் இழப்பைச் சற்றுக் காலம் ஈடுசெய்துகொள்வர். சேமிப்பில்லாதார்க்கு இழப்பு உடனே வெளிப்படும். ஆகவே எழுபதாண்டுக்கு முன் ஒரு சிறுமியைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதன் விளைவை அவள் பேரன் இன்று காண்கிறான்.

மதமோ சாதியோ மூளையை வேறாகப் படைக்கவில்லை. வேறுபடுத்துவன பள்ளி, உணவு, குருதி அழுத்தம், நீரிழிவு, புகை, தனிமை ஆகியவையே. இவை சமூகப் பிரிவுகளின் வழியே பங்கிடப்படுவதால் நோயும் அவ்வழியே பங்கிடப்படுகிறது. இஃது இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பின முதியோர்க்கு வெள்ளையரைப் போல் இருமடங்கும், இசுப்பானிய மரபினர்க்கு ஒன்றரை மடங்கும் மறதிநோய் காணப்படுகிறது என்கிறது அந்நாட்டு அல்சைமர் சங்கம். இங்கிலாந்திலோ எண் தாழ்ந்தது. கேம்பிரிட்ஜ்சயர், நியூகாசில், நாட்டிங்காம் ஆகிய மூன்று பகுதிகளில் இருபதாண்டு இடைவெளியில் இருமுறை ஆய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். பழைய அளவே நீடித்திருந்தால் அறுபத்தைந்து கடந்தோருள் 8.3 விழுக்காடு இருக்க வேண்டும், கண்டதோ 6.5. பிற்பட்ட தலைமுறை மிகுதியாகக் கற்றது. நெஞ்சையும் குருதிக்குழாயையும் பேணியது. விதியென்று விட்டுவிடத்தக்க நோயன்று இஃது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இருமொழி வீடுகள்

மொழித்துறையினராகிய நமக்கு உவப்பான ஆய்வு ஒன்று ஐதராபாத்தில் நிகழ்ந்தது. நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளரை ஆய்ந்து 2013இல் வெளியிட்டனர். அவருள் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர். ஒரு மொழி மட்டும் பேசியோரைவிட இவர்க்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு தாழ்த்தே தோன்றியிருந்தது. பள்ளியே காணாதாரிடத்தும் இவ்வேறுபாடு இருந்தது என்பதே இதன் சிறப்பு. தெலுங்கு, உருது, இந்தி எனத் தெருவிலேயே மொழி மாற்றிப் பேசும் நகர் அது. நம் நகரும் அத்தகையதே. வீட்டில் தக்கணி உருதும் கடையில் தமிழும் பேசும் வணிகர், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தார் எனப் பலர் இங்கு உளர். எனினும் அவ்வாய்வு மருத்துவமனையை நாடி வந்தோரைப் பற்றியது. ஊர் முழுமைக்கும் அதனை அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. இருமொழி பேசுவார்க்கு நோய் வாராது என்று யாரேனும் மேடையில் முழங்கினால் நம்பவேண்டா.

இருமொழி வீட்டிற்கு இடர் ஒன்றும் உண்டு. நோய் முற்றுங்கால் பிற்காலத்தில் கற்ற மொழி முன்னர் நழுவலாம். தமிழிலேயே வினவும் மருத்துவரிடம் உருதுப் பாட்டி விடை சொல்லாமல் விழிப்பார். தாய்மொழியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உடன் செல்லும் மகனோ மகளோ இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே உரைத்தல் வேண்டும்.

எண்ணினால் என்ன பயன்?

'தீர்க்கும் மருந்தில்லாத நோயை எண்ணி என்ன பயன்?' என்று பெரியோர் வினவலாம். நேரிய வினாவே. அல்சைமர் நோயை முற்றிலும் அகற்றும் மருந்து இன்றும் இல்லை. உள்ள மாத்திரைகள் சிலர்க்குச் சிறிது காலம் உதவுவன. ஆயினும் மறதிநோய் போலத் தோன்றுவன யாவும் அதுவல்ல. பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மண்டையோட்டின் உள்ளே தேங்கும் குருதி, உட்கொள்ளும் மருந்துகளின் விளைவு ஆகியவற்றால் வரும் தடுமாற்றம் சீராகக்கூடியது. 'வயசாயிடுச்சி' என்று விட்டுவிடப்பட்டோருள் இத்தகையோரும் உளர். குருதிச் சோதனையும் மருத்துவரின் ஆய்வும் இருந்தால் இதனை அறியலாம். 2013இல் தொடங்கிய திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி நம் நகரிலேயே உள்ளது. ஜவ்வாது மலைச் சிற்றூரிலிருந்து முதியவரை அழைத்துவருவோர்க்கு அதுவும் நெடும்பயணமே. ஆயின் சென்னைக்கோ வேலூருக்கோ செல்வதினும் அணித்து.

வருமுன் காத்தலும் இயலும். வாழ்நாள் முழுதும் பதினான்கு காரணிகளைச் சீர்செய்தால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செட் ஆணையம் 2024இல் கணித்தது. குருதி அழுத்தம், நீரிழிவு, புகைத்தல் ஆகியன நாம் அறிந்தவை. செவித்திறன் குறைவும் பார்வைக் குறைவும் அப்பட்டியலில் உள்ளன என்பதைப் பலர் அறியார். கண்புரையை அறுவையால் நீக்குதலும் காதுக்குக் கருவி வைத்தலும் மூளையையும் காக்கும் செயல்கள். காது கேளாத பெரியவரிடம் வீட்டார் பேசுவதையே குறைத்துக்கொள்வர். பேச்சின்றி மூளை வாடும். குருதி அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடு தேடி வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தமிழக அரசு தொடங்கியது. வருவோரிடம் முதியவரின் நினைவு பற்றியும் ஒரு சொல் கூறலாம்.

பராமரிப்போர் நிலையைப் பற்றியும் கூறவேண்டும். வீட்டில் நோயாளரைக் காப்பவர் பெரும்பாலும் பெண்ணே: மனைவி, மகள், மருமகள். இரவில் உறங்காமல் எழுந்து நடப்பவரை, கதவைத் திறந்துகொண்டு வெளியேறுபவரை, ஒரே வினாவை நாற்பது முறை கேட்பவரை, அவர் தனியே தாங்குகிறார். இது நோய் என்று சொன்னாலே அவர் சுமையில் பாதி இறங்கும் என்பதைக் கண்டோர் அறிவர். இந்தியாவில் இந்நோய்க்கென ஒரு சங்கம் 1992இல் கேரளத்தில் தோன்றியது. முதியோர்க்கான 14567 என்ற உதவி எண்ணும், மனநலத்திற்கான 14416 என்ற எண்ணும் கட்டணமின்றி இயங்குகின்றன.

நம் நகர்க்குச் சிறப்பாக உரியது ஒன்று. பதினான்கு கிலோமீட்டர் மலைசுற்றும் பாதையில் பௌர்ணமி இரவில் பெருங்கூட்டம் நகர்கிறது. ஊரில் பழகிய தெருவில் தடுமாறாத முதியவர், அறியாத கூட்டத்தில் கைப்பிடி நழுவினால் தம் பெயரையன்றி ஊரைச் சொல்ல இயலாமல் நிற்கலாம். நோய் இருப்பதே அன்றுதான் குடும்பத்திற்குத் தெரியவரும். பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ வைத்தனுப்புதல் நன்று. வழியோரக் கடைக்காரரும், தொழுகை முடிந்து வரும் நம் இளைஞரும், அத்தகையவரைக் கண்டால் 'எங்கே போகணும் பெரியவரே?' என்று ஒருமுறை கேட்டு, சீட்டைத் தேடிப் பார்த்துக் காவல் உதவி மையத்தில் சேர்க்கலாம்.

மாணவர்க்கு ஒரு களப்பணி

தமிழ்த்துறை இதில் செய்யத்தக்கது யாது? கணியம்பாடியின் நூற்றுமூவர் மறைந்துபோனது வினாவின் குறையால். வினா என்பது மொழி. செங்கம், போளூர், தண்டராம்பட்டு, வந்தவாசி என ஊர்தோறும் முதியவரின் அறிவுத் தளர்ச்சியைக் குறிக்கும் சொற்களைத் தமிழிலும் தக்கணியிலும் தெலுங்கிலும் திரட்டலாம். எச்சொல் அகவையைக் குறிக்கிறது, எச்சொல் நோயைக் குறிக்கிறது, எச்சொல்லில் ஏளனம் கலந்துள்ளது எனப் பகுத்துப் பார்க்கலாம். வீட்டாரிடம் வினவுங்கால் 'பாட்டிக்கு மறதி உண்டா?' என்று கேட்கவேண்டா; 'வயசாயிடுச்சி' என்ற விடையே வரும். 'போன வருசம் இந்நேரம் தாமே செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்வதில்லை?' என்று கேட்கலாம். அவர்கள் சற்று நேரம் எண்ணுவர். பிறகு 'இப்பல்லாம் வாசல்ல கோலம் போடறதில்ல, புள்ளி வச்சிட்டு அப்படியே நின்னுடறாங்க' என்பார் ஒருவர். 'கடைக்குப் போனா மீதிச் சில்லறைய எண்ணாம வாங்கிட்டு வந்துடறாரு' என்பார் மற்றொருவர். இவற்றைச் செந்தமிழாக்காமல், சொன்னவர் சொன்னபடியே நாளும் ஊரும் குறித்து எழுதிக்கொள்ளல் வேண்டும். முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளில் அந்த ஏட்டையும் கையில் கொண்டுபோகலாம்.